"சொல்லக் கூடாதுதான், ஆனா..."

ஐந்து வேளையும் தொழுவேன். ஆனால் போனை எடுத்தால் யாரையாவது புறம் பேசாமல் வைக்க மாட்டேன். 'உள்ளதைத்தானே சொல்கிறேன்' என்று ஒரு சமாதானம் வேறு. உள்ளதைச் சொன்னால்தான் அது புறம், இல்லாததைச் சொன்னால் அவதூறு என்ற நபிமொழி அந்தச் சாக்கையும் பிடுங்கிக்கொண்டது. குர்ஆனில் ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் புறம் பேசுவதை இறந்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பதோடு ஒப்பிடுகிறது. எத்தனையோ முறை ஓதியிருக்கிறேன், நாக்குதான் அடங்கவில்லை.

இனி புறம் பேசவே மாட்டேன் என்று அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டு தவ்பா செய்தேன். 3 நாள் தாங்கியது. அப்புறம்தான் என் பேச்சையே கவனித்தேன். ஒவ்வொரு தடவையும் "சொல்லக் கூடாதுதான், ஆனா..." என்றுதான் ஆரம்பிக்கிறேன்! அந்த 'ஆனா' வாயில் வந்ததும் நிறுத்தி, அஸ்தஃபிருல்லாஹ் (அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்கிறேன்) சொல்லிப் பேச்சை மாற்றப் பழகினேன். தோழிக்கு ஒரே சிரிப்பு.

தவறிப் பேசிவிட்டால், இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பிறகு முஸல்லாவிலேயே (தொழுகை விரிப்பு) உட்கார்ந்து அந்த ஆளின் பெயரைச் சொல்லி அவருக்காக துஆ (பிரார்த்தனை) கேட்பேன். ஒருத்திக்காகக் கேட்க வாயே வரவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது பொறாமை என்று அன்றைக்குத்தான் பிடிபட்டது. ஒரு மாதம் விடாமல் கேட்டேன். போன வாரம் அவளுக்குப் பதவி உயர்வு என்று கேள்விப்பட்டேன். சுருக்கென்று குத்தத்தான் செய்தது, பழைய அளவுக்கு இல்லை.