வீட்டில் கஷ்டம், மேனேஜரோ கல்நெஞ்சு: லீவு கேட்பது எப்படி?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. சென்னை சென்ட்ரல் எதிரே ஜி.எச்.சில் சேர்த்தோம். திங்கள் காலை ஒன்பதே காலுக்கு வராந்தாவில் நின்று மேனேஜருக்குப் போன் போட்டேன். பேச்சை ஆரம்பித்ததுமே அழுகை வந்துவிட்டது. "வேலை நிறைய இருக்கும்மா. வீட்ல வேற யாரும் இல்லையா?" என்றார். அப்புறம், "சரி சரி, பார்த்துட்டு வாங்க."

அதை லீவு என்று நான் எடுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அட்டெண்டன்ஸைத் திறந்து பார்த்தால் இரண்டு நாளும் 'தகவல் இல்லாமல் ஆப்சென்ட்'. சம்பளத்திலும் பிடித்துவிட்டார்கள்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அழுதால் இரங்குகிற ஆள் இல்லை, அவ்வளவுதான். இப்படிப்பட்டவரிடம் கஷ்டத்தை எவ்வளவு விரித்துச் சொன்னாலும் எடுபடாது. எந்தத் தேதி, எத்தனை மணி, என் வேலையை யார் பார்ப்பார்கள் என்று சொன்னால் காதில் வாங்குவார். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் சம்பளம் போனது. உங்களுக்கு அது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

படி 1: முதலில் நாளை எண்ணுங்கள்

மேனேஜரைக் கூப்பிடும் முன் அரை மணி நேரம் உட்காருங்கள். கையில் இருக்கிற மருந்துச் சீட்டின் பின்பக்கமே போதும். டாக்டர் ரவுண்ட்ஸ் எத்தனை மணிக்கு? ஸ்கேன் என்றைக்கு? கூட அட்டெண்டராக யார் யார் இருக்க முடியும்? நான் எழுதிப் பார்த்தபோது காலை ரவுண்ட்ஸ் முடியும்வரை நான் இருந்தே ஆக வேண்டும், மதியம் சித்தி வந்துவிடுவார், வியாழக்கிழமை விழுப்புரத்திலிருந்து தங்கை வருகிறாள் என்று தெரிந்தது. 'பத்து நாளாவது வேணும்' என்று பதறிய எனக்குத் தேவைப்பட்டது மூன்று முழு நாளும், அதற்கப்புறம் இரண்டு வாரம் காலையில் இரண்டு மணி நேரப் பர்மிஷனும்தான். பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்தால் பதினொரு மணிக்குள் கிண்டி ஆபீஸில் இருக்கலாம்.

'எப்ப வருவேன்னு சொல்ல முடியல சார்' என்பதுதான் மேனேஜர்களுக்குப் பிடிக்காத ஒரே வாக்கியம். தேதி தெரியாவிட்டால், 'வியாழன் சாயந்திரம் மறுபடி சொல்கிறேன்' என்றாவது ஒரு தேதி கொடுங்கள்.

படி 2: உங்கள் கணக்கில் என்ன லீவு இருக்கிறது?

அப்பாயிண்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் பாருங்கள். கடை, தனியார் ஆபீஸ், ஐ.டி. கம்பெனி என்றால் 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. அதன் 25ஆவது பிரிவின்படி, ஒரு வருடம் முடித்தவருக்கு அடுத்த வருடத்தில் 12 நாள் சம்பளத்தோடு விடுமுறை. அதுபோக முதல் வருடத்திலிருந்தே வருடத்துக்கு 12 நாள் வரை உடம்பு சரியில்லாததற்கான லீவு, 12 நாள் வரை நியாயமான எந்தக் காரணத்துக்கும் தற்செயல் விடுப்பு, அதாவது கேஷுவல் லீவு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஃபேக்டரி என்றால் வேறு சட்டம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உடம்பு சரியில்லாததற்கான லீவு உங்கள் உடம்புக்கு. அப்பா படுத்திருக்கும்போது 'எனக்குக் காய்ச்சல்' என்று மெசேஜ் போடாதீர்கள். ஆஸ்பத்திரி வாசலில் யாராவது பார்த்துவிட்டால் உண்மையான கஷ்டமும் பொய்யாகிவிடும். தற்செயல் விடுப்பைக் கேளுங்கள், அது இதற்குத்தான்.

சட்டத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், முதல் பேச்சிலேயே எடுக்காதீர்கள். பிரிவு எண் சொல்லி ஆரம்பித்தால் அவர் நேராக ஹெச்.ஆரைக் கூப்பிட்டுவிடுவார்.

படி 3: வேலையைக் கைமாற்றுங்கள்

பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் நேராகக் கேளுங்கள்: "மூணு நாளைக்கு வெண்டர் பில் மட்டும் பார்த்துக்கிறியா? உன் சரக்குக் கணக்கை அடுத்த மாசம் நான் முடிச்சுத் தரேன்." சொன்னபடி அடுத்த மாதம் முடித்தும் கொடுங்கள்.

படி 4: இரண்டு நிமிடம் பேசுங்கள்

திங்கள் காலை மீட்டிங்குக்கு முன்னால் வேண்டாம். சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்சம் ஓய்ந்திருப்பார். நேரில் முடியாவிட்டால் போன். இரண்டாம் முறை நான் பேசியது கிட்டத்தட்ட இப்படி:

"சார், அப்பாவுக்கு ஸ்ட்ரோக். ஜி.எச்.ல இருக்கார். புதன்ல இருந்து வெள்ளி வரைக்கும் மூணு நாள் கேஷுவல் லீவு வேணும். அடுத்த ரெண்டு வாரம் பதினோரு மணிக்கு வரேன், சாயந்திரம் எட்டு வரைக்கும் இருப்பேன். வெண்டர் பில் மூணு நாளைக்கு மாத்தி விட்டாச்சு. ஜிஎஸ்டி வேலையை நானே ராத்திரி முடிச்சிடறேன்."

அப்புறம் வாயை மூடிக்கொண்டேன். கஷ்டமான இடம் இதுதான். அவர் பேசாமல் இருக்கும் பத்து நொடியில் நமக்கு மளமளவென்று வார்த்தை வரும்: 'அம்மாவுக்கும் சுகர் சார், தம்பி துபாய்ல சார்...' வேண்டாம். அவர் கீபோர்டைத் தட்டிக்கொண்டே, "எட்டு மணி வரைக்கும் நிச்சயமா இருப்பீங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி வந்ததுமே பாதி வேலை முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

படி 5: அன்றைக்கே எழுத்தில்

நான் முதல் முறை கோட்டை விட்டது இங்கேதான். வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும். போனை வைத்த பத்து நிமிடத்தில் மெயில் போடுங்கள், ஹெச்.ஆருக்கும் ஒரு காப்பி. தமிழோ இங்கிலீஷோ, இவ்வளவு இருந்தால் போதும்:

'சார், இன்று மதியம் பேசியபடி 12, 13, 14 தேதிகளில் தற்செயல் விடுப்பு எடுக்கிறேன். 17 முதல் 28 வரை காலை 11 முதல் இரவு 8 வரை வேலை செய்வேன். என் பொறுப்புகளை யார் பார்ப்பார்கள் என்பதைக் கீழே கொடுத்திருக்கிறேன். அட்மிஷன் சீட்டின் நகலை இணைத்துள்ளேன். ஏதாவது மாற்றம் வேண்டுமென்றால் இன்று மாலைக்குள் சொல்லவும்.'

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பதில் வராவிட்டாலும், நீங்கள் சொல்லிவிட்டுத்தான் போனீர்கள் என்பதற்கு ஆதாரம் அது. லீவு விண்ணப்பத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக் கணக்குவழக்கு எதையும் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள், அது வேறு வம்பு.

படி 6: முடியாது என்றால்

முதலில் பேரம். மூன்று நாள் முடியாது என்றால் இரண்டு நாளும் ஒரு அரை நாளுமாகக் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் லாஸ் ஆஃப் பே. அந்த நாட்களின் சம்பளம் போகும், வேலை போகாது. அதற்கும் மறுத்தால், 'மறுப்பை மெயிலில் சொன்னால் நல்லது' என்று பணிவாகக் கேட்டு, ஹெச்.ஆரிடம் போங்கள். எழுத்தில் மறுக்க நிறைய பேர் தயங்குவார்கள்.

கோபத்தில் ராஜினாமா பேப்பர் மட்டும் போடாதீர்கள். போடச் சொல்லி அவர்களே நெருக்கினாலும் கையெழுத்துப் போடாதீர்கள். அதே 1947 சட்டத்தின் 41ஆவது பிரிவின்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நிறுத்த முடியாது. ஒழுங்கீனம் என்றால் விசாரணை நடத்தி நிரூபிக்க வேண்டும். நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். கம்பெனி இன்ஷூரன்ஸில் அப்பா அம்மா பெயர் இருந்தால், பொதுவாக அதுவும் வேலையோடு முடிந்துவிடும், அதுவும் ஆஸ்பத்திரிச் செலவு ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில்.

உண்மையிலேயே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களா? தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது, மெட்ரோ ஸ்டேஷனே பக்கத்தில்தான். இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே அந்த உதவி உண்டு. ராத்திரி தூக்கம் வராமல் மனசு அடைத்துக்கொண்டிருந்தால் 14416க்குப் பேசுங்கள், அரசின் மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம். எனக்கு அன்றைக்கு இது தெரியாது.

படி 7: திரும்பி வந்தபின்

சொன்ன நேரத்துக்கு வாருங்கள். பதினொன்று என்றால் பத்து ஐம்பத்தைந்து. ஒரு நாள் தாமதமானால் முன்கூட்டியே ஒரு மெசேஜ். அட்டெண்டன்ஸில் லீவு சரியாக ஏறியிருக்கிறதா என்று மாதக் கடைசிக்கு முன்னாலேயே பாருங்கள், சம்பளம் போட்டபின் திருத்தச் சொன்னால் இழுத்தடிப்பார்கள்.

அப்பா இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு தெருமுனை டீக்கடை வரை போகிறார். அந்த மேனேஜர் கடைசிவரை அவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த இரண்டு வாரமும் நான் உள்ளே வரும்போதெல்லாம் சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை பார்ப்பார். நான் பையை வைத்துவிட்டு சிஸ்டத்தை ஆன் செய்வேன்.