நெட்வொர்க் மானிட்டரிங் டேட்டாபேஸிலிருந்து சொந்தமாக ரிப்போர்ட் எடுப்பது எப்படி

நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்கும் மானிட்டரிங் மென்பொருளோடு கூடவே வரும் ரிப்போர்ட்டுகள் ஓர் எல்லை வரைதான் உதவும். அதிகம் ட்ராஃபிக் ஓடிய பத்து இன்டர்ஃபேஸ், அடிக்கடி விழுந்த பத்து கருவி, அதோடு நின்றுவிடும். "எந்த லிங்க்கை இந்த வருடம் பெரிதாக்க வேண்டும்?" என்று மேலிடத்திலிருந்து கேள்வி வந்தால், பதில் அந்தப் பட்டியலில் இருக்காது, டேட்டாபேஸுக்குள் இருக்கும். அதை வெளியே எடுக்க எஸ்கியூஎல்லில் (டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி) பெரிய புலமை தேவையில்லை, செலக்ட், ஜாயின், குரூப் பை தெரிந்தால் ஆரம்பித்துவிடலாம். கஷ்டமெல்லாம் வெளியே வரும் எண் உண்மைதானா என்று உறுதி செய்வதில்தான். அந்த எண்ணை நம்பி யாரோ பணம் ஒதுக்கப் போகிறார்கள், அதனால் நான் அதிலேயே அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன்.

முதலில் கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். "பேண்ட்வித் ரிப்போர்ட் வேண்டும்" என்பதை வைத்துக் குவெரி (எஸ்கியூஎல்லில் எழுதும் கேள்வி) எழுத முடியாது. "போன மாதம், வேலை நாட்களில் காலை 9 முதல் மாலை 6 வரை, ஒவ்வொரு கிளை லிங்க்கும் எத்தனை மணி நேரம் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தது?" என்றால் முடியும். காலம், கருவிகள், அளவு, வரம்பு எல்லாமே அந்த வாக்கியத்தில் இருக்கின்றன, இவற்றில் ஒன்று விடுபட்டாலும் பின்னால் குவெரியை மாற்றி மாற்றி எழுத வேண்டிவரும்.

அப்புறம், தரவு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எல்லா மென்பொருளும் அளவீடுகளை எஸ்கியூஎல் டேபிளில் வைப்பதில்லை. லிப்ரேஎன்எம்எஸ், கேக்டை இரண்டிலும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் கருவிகள், போர்ட்டுகள் போன்ற விவரம் இருக்கும், ட்ராஃபிக் வரலாறு ஆர்ஆர்டி எனப்படும், அளவு மாறாத தனி ஃபைல்களில் இருக்கும். ஆர்ஆர்டி பழைய தரவைச் சராசரியாக்கிச் சுருக்கிவிடுவதால், ஆறு மாதத்துக்கு முந்தைய ஐந்து நிமிட உச்சத்தை அதில் தேடினால் கிடைக்காமல் போகலாம். பிஆர்டிஜி தனக்கென்று ஒரு டேட்டாபேஸ் வைத்திருக்கிறது, அதில் எஸ்கியூஎல் ஓட்ட முடியாது, ஏபிஐ (வேறு நிரல்கள் தரவு கேட்க அது திறந்துவைத்திருக்கும் வழி) மூலமாகத்தான் எடுக்க வேண்டும். ஜாபிக்ஸில் அளவீடுகளும் எஸ்கியூஎல் டேபிளிலேயே இருப்பதால் அதையே இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

ரிப்போர்ட்டுக்குத் தனி யூசர் உருவாக்குங்கள், செலக்ட் உரிமை மட்டும் கொடுங்கள். மானிட்டரிங் சர்வர் பயன்படுத்தும் அதே யூசரை கிராஃபானாவிலோ (தரவை வரைபடமாகக் காட்டும் மென்பொருள்) ஸ்கிரிப்ட்டிலோ போடவே கூடாது, ஏனென்றால் கிராஃபானா நீங்கள் எழுதும் குவெரி ஆபத்தானதா என்று சரிபார்க்காது, டெலீட் எழுதினால் டெலீட் ஓடும். கூடவே நேர வரம்பும் வையுங்கள்: போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் ஸ்டேட்மென்ட் டைம்அவுட், மைஎஸ்கியூஎல்லில் மேக்ஸ் எக்ஸிகியூஷன் டைம். ஹிஸ்டரி டேபிளை முழுக்க வருடும் ஒரு குவெரி போதும், டிஸ்க் அதிலேயே மூழ்கி, புதிய அளவீடுகளை எழுத சர்வர் திணறும். ரெப்ளிகா (உடனுக்குடன் புதுப்பிக்கப்படும் டேட்டாபேஸ் நகல்) இருந்தால் அதிலேயே ஓட்டுங்கள்.

டேபிள்கள்

தேவைப்படுவது கொஞ்சம்தான். ஹோஸ்ட்ஸ் டேபிளில் கருவிகள், ஐட்டம்ஸ் டேபிளில் ஒவ்வொரு கருவியிலும் அளக்கப்படுபவை, ஹிஸ்டரி டேபிள்களில் போலிங் (குறித்த இடைவெளியில் கருவியிடம் கேட்டு அளப்பது) செய்த ஒவ்வொரு மதிப்பும், ட்ரெண்ட்ஸ் டேபிள்களில் மணிக்கொரு சுருக்கம். ஹிஸ்டரி, ட்ரெண்ட்ஸ் இரண்டுமே தசம எண்ணுக்கு ஒன்று, முழு எண்ணுக்கு இன்னொன்று என்று பிரிந்திருக்கும். எதில் தேட வேண்டும் என்பதை ஐட்டமின் வேல்யூ டைப் சொல்லும், 0 என்றால் தசமம், 3 என்றால் முழு எண். குவெரி பிழையே இல்லாமல் ஓடி ஒரு பதிவுகூட வராவிட்டால் முதலில் இதைப் பாருங்கள்.

ஹோஸ்ட்ஸ் டேபிளில் டெம்ப்ளேட்டுகளும் (பல கருவிகளுக்குப் பொதுவான அமைப்பு மாதிரிகள்) கலந்தே இருக்கும். ஸ்டேட்டஸ் 0 என்றால் கண்காணிப்பில் உள்ள கருவி, 1 என்றால் நிறுத்தி வைத்தது, 3 என்றால் டெம்ப்ளேட். இந்த வடிகட்டியை விட்டுவிட்டால் கருவிகளின் எண்ணிக்கை ஊதிப்போகும். ஃபிளாக்ஸ் 2 என்றிருக்கும் பதிவுகள் ப்ரோட்டோடைப், அதாவது தானாக உருவாக்கப்படும் பதிவுகளுக்கான மாதிரி. ஹோஸ்ட்ஸ், ஐட்டம்ஸ் இரண்டிலுமே அவற்றையும் தள்ளிவிடுங்கள்.

ட்ரெண்ட்ஸ் பதிவு ஒவ்வொன்றிலும் அந்த மணி நேரத்தின் குறைந்தபட்சம், சராசரி, அதிகபட்சம், எத்தனை மதிப்புகளிலிருந்து கணக்கிட்டது என்ற எண்ணிக்கை ஆகிய நான்கும் உண்டு. மேலே எழுதிய 80 சதவீதக் கேள்விக்கு இதுவே போதும்: சராசரி வரம்பைத் தாண்டிய மணிகளை எண்ண வேண்டியதுதான். மாத சராசரி வேண்டும் என்றால் மட்டும் கவனம், மணி சராசரிகளை அப்படியே சராசரி எடுக்காதீர்கள். ஒரு மணியில் 60 மதிப்புகளும் அடுத்த மணியில் கருவி விழுந்துகிடந்ததால் 4 மதிப்புகளும் வந்திருந்தால் இரண்டுக்கும் சம எடை கொடுப்பது தப்பு. சராசரியை எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டி, மொத்த எண்ணிக்கையால் வகுங்கள்.

95ஆவது பெர்சென்டைல் (95 சதவீத மதிப்புகள் எதற்குள் அடங்குமோ அந்த எண்) கேட்டால் ட்ரெண்ட்ஸ் உதவாது. அந்தக் கணக்குக்கு ஐந்து நிமிட மதிப்புகள் தேவை: 30 நாளுக்கு 8640 மதிப்புகள், அதில் உயர்ந்த 432ஐ, அதாவது 36 மணி நேரத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தில் பெரியதை எடுக்க வேண்டும். மணி சராசரியில் உச்சங்கள் ஏற்கெனவே நசுங்கிவிட்டதால் எண் குறைவாகவே வரும். ஹிஸ்டரி எத்தனை நாள் சேமிக்கப்படுகிறது என்பதை மாதம் தொடங்கும் முன்பே பார்த்து, முழு மாதத்துக்கும் கொஞ்சம் மேலேயும் இருக்கும்படி வையுங்கள், அழிந்த பிறகு வழியில்லை. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் பெர்சென்டைல் டிஸ்க் என்ற ஃபங்ஷனே இருக்கிறது, மைஎஸ்கியூஎல் 8இல் ரோ நம்பர் வைத்து வரிசைப்படுத்தி எடுக்கலாம்.

நேரம்

நேரம் கிளாக் என்ற ஃபீல்டில் யூனிக்ஸ் நொடிகளாக, அதாவது 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளாக இருக்கும். மாதத்தின் முதல் நொடியையும் அடுத்த மாதத்தின் முதல் நொடியையும் உங்கள் நேர மண்டலத்தில் கணக்கிட்டு எண்ணாக மாற்றி, முதலாவதை உட்சேர்த்தும் இரண்டாவதைச் சேர்க்காமலும் வடிகட்டுங்கள். வடிகட்டும் இடத்தில் கிளாக் ஃபீல்டையே தேதியாக மாற்றி ஒப்பிடாதீர்கள், இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) பயன்படாமல் போய் சில நொடியில் முடிய வேண்டியது மணிக்கணக்கில் இழுக்கும். எல்லை போட்ட பிறகு வேலை நேரத்தைப் பிரிக்கத் தேதியாக மாற்றுவதில் தப்பில்லை, ஆனால் அந்த டேட்டாபேஸ் செஷன் எந்த நேர மண்டலத்தில் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

எண் தப்பாக வரும் இடங்கள்

பழைய 32 பிட் கவுண்டர் முதல் ஆபத்து. இன்டர்ஃபேஸில் போன பைட்டுகளை எண்ணும் அது 4,294,967,296 வந்ததும் மறுபடி பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். 1 ஜிகாபிட் லிங்க் முழு வேகத்தில் ஓடினால் இதற்கு 34 நொடி போதும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போலிங் செய்தால் இடையில் எத்தனை முறை சுற்றியது என்று யாருக்கும் தெரியாது. ஐட்டம் கீயில் ஐஎஃப்எச்சி (ifHC) என்று தொடங்கும் 64 பிட் கவுண்டர்தான் இருக்கிறதா என்று பாருங்கள். வேகத்துக்கும் இதே கதை: கருவி தன் லிங்க் வேகத்தைச் சொல்லும் ஐஎஃப்ஸ்பீடு 32 பிட் என்பதால் 10 ஜிகாபிட் லிங்க்கை 4.29 ஜிகாபிட் என்றுதான் காட்டும், அதை வைத்து வகுத்தால் பாதிகூட நிரம்பாத லிங்க் 100 சதவீதத்தைத் தொடும். ஐஎஃப்ஹைஸ்பீடை எடுங்கள், அது மெகாபிட்டில் இருக்கும். பைட்டா பிட்டா என்பதையும் ஐட்டமின் யூனிட்டில் பார்த்துவிடுங்கள். உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கூட்டாதீர்கள், ஃபுல் டூப்ளெக்ஸ் லிங்க்கில் இரண்டு திசைக்கும் தனித்தனி கொள்ளளவு, அதில் பெரியதை எடுத்தால் சரி.

கருவி ரீபூட் ஆனால் சில மாடல்களில் இன்டர்ஃபேஸ் இண்டெக்ஸ் எண்கள் மாறிவிடும். அதனால் எண்ணை வைத்து ஜாயின் செய்யாமல் இன்டர்ஃபேஸ் பெயரையோ டிஸ்கிரிப்ஷனையோ வைத்துச் செய்யுங்கள். டிஸ்கிரிப்ஷனில் ஒரே மாதிரியான பெயர் முறை இல்லையென்றால் முதலில் அதை ஒழுங்குபடுத்துங்கள், குவெரியில் நாற்பது விதிவிலக்கு எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல்.

தரவே வராத கருவிதான் ரிப்போர்ட்டில் முக்கியம், ஆனால் சாதாரண ஜாயின் அதைச் சத்தமில்லாமல் தூக்கிவிடும். கருவிப் பட்டியலிலிருந்து தொடங்கி லெஃப்ட் ஜாயின் போடுங்கள், அப்போது தரவு இல்லாத கருவியும் பட்டியலில் நிற்கும். காலியாக வரும் இடத்தைப் பூஜ்ஜியமாக மாற்றாமல் "தரவு இல்லை" என்றே காட்டுங்கள். ட்ராஃபிக் இல்லை என்பதும் அளக்கவில்லை என்பதும் வேறு வேறு.

அப்டைம் (கருவி இயங்கிய நேரம்) ரிப்போர்ட் என்றால் ப்ராப்ளம் டேபிளை நம்ப வேண்டாம், அதில் நடப்பில் உள்ளவையும் சமீபத்தில் தீர்ந்தவையும் மட்டும்தான் இருக்கும். ஈவென்ட்ஸ் டேபிளை ஈவென்ட் ரெக்கவரியோடு இணைத்து எடுங்கள். போன மாதம் விழுந்து இந்த மாதம் எழுந்த கருவிக்கு, மாதத்துக்குள் வரும் பகுதியை மட்டும் எண்ண வேண்டும். இன்னும் எழாததற்கு மாத இறுதியை முடிவாக வைக்க வேண்டும். திட்டமிட்ட பராமரிப்பு கணக்கில் சேருமா சேராதா என்பதை ரிப்போர்ட்டின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். 99.9 சதவீதம் என்றால் 30 நாளில் 43 நிமிடம் 12 நொடிதான் விழலாம், இரவு நேரத்து ஒரு மணி நேரப் பராமரிப்பைச் சேர்ப்பதா விடுவதா என்பதிலேயே முடிவு தலைகீழாகும்.

எல்லாம் எழுதியானதும் ஒரு லிங்க்கை எடுத்து, ஒரு நாளை எடுத்து, மென்பொருளின் சொந்த கிராஃபோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் மேலே போகாதீர்கள். 30 நாள் மாதத்தில் ஒரு ஐட்டத்துக்கு 720 ட்ரெண்ட்ஸ் பதிவு இருக்க வேண்டும், அந்த எண்ணிக்கையையும் ரிப்போர்ட்டில் ஒரு ஃபீல்டாகவே வைத்துவிட்டால் படிப்பவர்களுக்கும் எதை எவ்வளவு நம்பலாம் என்று தெரியும்.

தானாக ஓட வைப்பது சுலபம்: கிரானில் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் வசதி) போட்டு சிஎஸ்வியாக எழுதி மெயில் அனுப்பலாம், அல்லது கிராஃபானாவில் பேனலாக வைக்கலாம். ஆனால் மாதம் பிறந்த நள்ளிரவிலேயே ஓட்டாதீர்கள். நடப்பு மணியின் ட்ரெண்ட்ஸ் சர்வரின் நினைவகத்தில் இருந்து, மணி முடிந்த பிறகுதான் டேபிளுக்கு வரும், எனவே இரண்டு மூன்று மணி நேரம் கழித்து ஓட்டினால் கடைசி மணி விடுபடாது.

குவெரியை நேராக டேபிள்கள் மேல் எழுதாமல், இடையில் உங்கள் பெயரில் ஒரு வியூ (டேபிள் போலவே பயன்படும், சேமித்துவைத்த குவெரி) உருவாக்கி அதன் மேல் எழுதுங்கள், அந்த வியூவைத் தனி ஸ்கீமாவில் (டேபிள்களைப் பிரித்துவைக்கும் தனிப் பகுதி) வையுங்கள். டேபிள் அமைப்பு அடுத்த பதிப்பிலும் இப்படியே இருக்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை. மாறினால் ஒரு வியூவைத் திருத்தினால் போதும், அதை நம்பியிருக்கும் பத்து ரிப்போர்ட்டையும் தொட வேண்டாம். அப்கிரேடு செய்யும் முன் டெஸ்ட் சர்வரில் வியூ ஓடுகிறதா, போன மாதத்து எண்களே திரும்பவும் வருகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.