ஸ்படிக மாலையா, கண்ணாடி மணியா? வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்

அம்மாவின் 108 மணி ஸ்படிக மாலையில் நூல் இற்றுப்போய்விட்டது. மறுபடி கோக்க உட்கார்ந்தபோது, சில மணிகள் மட்டும் கை பட்டதுமே சூடேறுவதைக் கவனித்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்ததில் 14 மணிகள் கண்ணாடி. வருடக்கணக்காக ஜபம் செய்த மாலை அது; மனசு மிகவும் கஷ்டப்பட்டது. அதனால் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஒரு மணியைப் பார்த்துவிட்டு மொத்த மாலையையும் நம்பாதீர்கள்.

தேவையானவை: 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், டார்ச், போலரைஸ்டு கூலிங் கிளாஸ் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடுவது), எல்சிடி திரை உள்ள லேப்டாப். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கோலிக்குண்டு.

படி 1: தொட்டுப் பார்ப்பது

மாலையையும் கோலிக்குண்டையும் ஒரே தட்டில் அரை மணி நேரம் வையுங்கள். பிறகு கன்னத்தில் ஒற்றிப் பாருங்கள். ஸ்படிகம் சூட்டை வேகமாகக் கடத்துவதால் சில்லென்று இருக்கும், சற்று நேரம் அப்படியே நிற்கும். கண்ணாடி சீக்கிரம் உடல் சூட்டுக்கு வந்துவிடும். இது சந்தேகத்தைக் கிளப்ப மட்டுமே உதவும்.

படி 2: லென்ஸ்

டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து உள்ளே பாருங்கள். சோடா பாட்டிலில் இருப்பதுபோல் உருண்டைக் குமிழிகள் தனித்தனியாகத் தெரிந்தால் கண்ணாடி. பாகு கரைவதுபோல் சுழிகள் தெரிந்தாலும் அப்படித்தான். ஸ்படிகத்தில் மெல்லிய வெண்திரை, இறகு போன்ற கீற்று, வானவில் அடிக்கும் வெடிப்பு இருக்கும். துளையையும் பாருங்கள். அச்சில் வார்த்த கண்ணாடி மணியில் துளையின் வாய் மழுங்கி, சில சமயம் அச்சுக்கோடும் தெரியும்.

படி 3: திரைச் சோதனை

எனக்கு முழு நம்பிக்கை தருவது இதுதான். லேப்டாப்பில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, கூலிங் கிளாஸைக் கண்முன் பிடித்துத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் திரை கறுத்துவிடும். அங்கேயே நிறுத்தி, திரைக்கும் கூலிங் கிளாஸுக்கும் நடுவே மணியைப் பிடித்து மெதுவாக எல்லாப் பக்கமும் உருட்டுங்கள். கண்ணாடி மணி இருட்டாகவே இருக்கும். சிலவற்றில் பாம்பு நெளிவதுபோல் மங்கல் நிழல் ஓடும். ஸ்படிகமோ பளிச்சென்று ஒளிரும். ஒரு குறிப்பிட்ட திசை வரும்போது, வட்ட வட்டமாக வண்ண வளையங்கள் விரியும். முதல் தடவை பார்த்தபோது நான் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இரண்டுக்கும் மூலப்பொருள் சிலிக்காதான். ஆனால் ஸ்படிகத்தில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால் உள்ளே போகும் ஒளி இரண்டாகப் பிரிகிறது. கண்ணாடியில் அந்த அடுக்கு கிடையாது.

செய்யக்கூடாதவை

மணியால் கண்ணாடியைக் கீறிப் பார்க்கச் சொல்வார்கள். ஸ்படிகத்தின் கடினம் மோஸ் அளவில் (கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் அளவு) 7, சாதாரணக் கண்ணாடி சுமார் 5.5 என்பதால் கீறத்தான் செய்யும். ஆனால் மணி சில்லு பெயர்ந்தால் யார் திருப்பித் தருவார்கள்? இருட்டில் இரண்டு மணிகளை உரசிப் பொறி பார்ப்பதும் வேண்டாம்.

அப்புறம் ஒரு விஷயம். தொழிற்சாலையில் வளர்த்த செயற்கை ஸ்படிகமும் திரைச் சோதனையில் இதேபோல்தான் ஒளிரும். அதைப் பிரித்தறிய ரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் அகச்சிவப்புக் கருவி வேண்டும். விலை கூடிய மாலை வாங்கும்போது பில்லில் ‘இயற்கை ஸ்படிகம்’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால், வாங்காமல் வந்துவிடுங்கள்.