சென்னை – லண்டன்: வான்வழித் தொலைவையும் பயண நேரத்தையும் கணக்கிடும் முறை

சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் சென்னையையும் லண்டனையும் அளவுகோல் வைத்து இணைத்தால், கோடு சிரியாவின் மேலாகச் செல்லும். அது மிகக் குறுகிய வழி அன்று. மேசை மீது வைக்கும் உலக உருண்டை ஒன்றை எடுத்து, இரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலைத் தொய்வின்றி இழுத்துப் பிடித்தால், அது பாகிஸ்தான், ஈரான், காஸ்பியன் கடல், காக்கசஸ் மலைகள் ஆகியவற்றைக் கடந்து, கருங்கடலுக்கு வடக்கே ஏறி, உக்ரைன் வழியாக லண்டனை அடைவதைக் காணலாம். நூலின் இரு முனைகளையும் நகத்தால் பிடித்தபடியே பூமத்திய ரேகையின் மீது வைத்துப் பாகைகளை எண்ணினால், ஏறத்தாழ 74 வரும். ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. என்ற கணக்கில் தொலைவு சுமார் 8,230 கி.மீ. ஆகிறது.

ஆனால் விமானம் நூல் பிடித்தாற்போல் பறப்பதில்லை. 2022 பிப்ரவரி முதல் உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருப்பதால், இந்த வழியில் சுற்றுப்பாதை தவிர்க்க முடியாதது. நான் வழக்கமாக 5 விழுக்காடு கூட்டிக்கொள்வேன். அப்போது 8,640 கி.மீ. வரும். மேற்காசியாவில் பதற்றம் கூடும் நாட்களில் இதுவும் போதாது.

அடுத்தது வேகம். பெரிய விமானங்கள் உயரத்தில் மணிக்கு 900 கி.மீ. அளவில் பறக்கின்றன என்றாலும், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் மேலடுக்குக் காற்று லண்டன் செல்லும்போது எதிர்க்கும், திரும்பும்போது தள்ளிவிடும். காற்றின் பங்கைச் சராசரியாக 50 கி.மீ. என்று கொண்டால், போகும்போது 850, வரும்போது 950. முதலாவது 10 மணி 10 நிமிடம், இரண்டாவது 9 மணி 5 நிமிடம். ஓடுதளத்தில் ஊர்வதற்கும் மெதுவாக ஏறி இறங்குவதற்கும் 35 நிமிடம் சேர்த்தால், போக 10¾ மணி நேரமும் வர 9 மணி 40 நிமிடமும் ஆகும்.

பயணச்சீட்டில் உள்ள இரு நேரங்களையும் அப்படியே கழித்துப் பார்ப்பவர்களே பெரும்பாலும் குழம்புகிறார்கள். ஏனெனில் அவை அந்தந்த ஊர் நேரங்கள். லண்டன் நம்மைவிடக் குளிர்காலத்தில் 5½ மணி நேரமும், மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை 4½ மணி நேரமும் பின்தங்கியிருக்கும். ஜனவரியில் காலை 5.30-க்குச் சென்னையில் புறப்படும் விமானம், நம் கடிகாரப்படி மாலை 4.15-க்குத் தரையிறங்கும்போது, அங்கே முற்பகல் 10.45 தான். இதே விமானம் ஜூலையில் என்றால் 11.45.

துபாய் வழியாகச் செல்வது பெரிய சுற்று என்று பலர் நினைக்கிறார்கள். சென்னை – துபாய் 2,930 கி.மீ., துபாய் – லண்டன் 5,500 கி.மீ.; கூட்டினால் நூல் காட்டிய தொலைவைவிட 200 கி.மீ. மட்டுமே கூடுதல். ஆகவே அவ்வழியில் நேரத்தைத் தின்பது இன்னொரு முறை இறங்கி ஏறுவதும், துபாய் நிலையத்தில் அடுத்த விமானத்துக்காகக் காத்திருப்பதுமே. அந்தக் காத்திருப்பைத் தனியாக எழுதி, பறக்கும் நேரத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.