காற்றும் கடலும் பார்த்துப் போடும் அட்டவணை: குமரி மாவட்டத்தில் ஓட்டம், டிரையத்லான் பயிற்சி

ஓட்டத்துக்கும், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் தொடர்ந்து செய்யும் டிரையத்லானுக்கும் இணையத்தில் கிடைக்கும் பயிற்சி அட்டவணைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்களுக்காக எழுதப்பட்டவை. கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 40 வினாடி என்று அதில் போட்டிருப்பதைச் சித்திரை, வைகாசியில் நாகர்கோவிலில் அப்படியே ஓடப் பார்த்தால் மூன்றாவது கிலோமீட்டரில் நெஞ்சு அடித்துக்கொள்ளும். காற்றில் ஈரம் கூடும்போது வியர்வை உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. தோலைக் குளிர்விக்க இதயம் கூடுதல் ரத்தத்தை அனுப்ப வேண்டியிருப்பதால் அதே வேகத்துக்கு நாடி 10, 15 துடிப்பு கூடிவிடும். சைக்கிளில் ஆரல்வாய்மொழிக் காற்றும், நீச்சலில் கடலின் நிலையும் இதே மாதிரி கணக்கைக் கலைக்கும். அதனால் இந்த மாவட்டத்தில் அட்டவணையை வேகத்தில் எழுதாமல் நிமிடத்திலும் மூச்சிலும் எழுதுங்கள்.

மூச்சுக் கணக்குக்குக் கருவி தேவையில்லை. முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே போக முடிந்தால் அது லேசான வேகம். நாலு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் நடுத்தரம். ஒரு சொல்லுக்கு மேல் வரவில்லை என்றால் கடினம். வாரத்தின் மொத்த நேரத்தில் ஐந்தில் நாலு பங்கு முதல் வகையில் இருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்: எல்லா நாளும் நடுத்தரத்தில் ஓடுவார்கள். களைப்பு சேரும், வேகம் கூடாது, இரண்டு மாதத்தில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள்.

எந்தப் போட்டி, எத்தனை மணி நேரம்

ஸ்பிரிண்ட் டிரையத்லான் என்பது 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். ஒலிம்பிக் தூரம் 1.5, 40, 10 கி.மீ. அயர்ன்மேன் 70.3 என்கிற பாதி தூரம் 1.9, 90, 21.1 கி.மீ. முழுத் தூரம் 3.8, 180, 42.2 கி.மீ. ஸ்பிரிண்டுக்கு வாரம் 5 மணி நேரம் போதும். ஒலிம்பிக் தூரத்துக்கு 7, பாதிக்கு 9 அல்லது 10. இதற்குக் குறைவான நேரம்தான் கிடைக்கும் என்றால் தூரத்தைக் குறையுங்கள், தூக்கத்தைக் குறைக்க வேண்டாம். நாற்பதைத் தொட்டவர்களும், வீட்டில் சர்க்கரையோ இதய நோயோ உள்ளவர்களும் தொடங்கும் முன் ஒரு ஈ.சி.ஜி. எடுத்து மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

வேலைக்குப் போகிறவருக்கு ஒலிம்பிக் தூரத்துக்கான வாரம் ஏறக்குறைய இப்படி இருக்கும். திங்கள் ஓய்வு. செவ்வாய் 50 நிமிட ஓட்டம். அதன் நடுவில் 3 நிமிடம் கடினம், 2 நிமிடம் மெது ஓட்டம் என்று ஆறு முறை. புதன் நீச்சல் 45 நிமிடம். வியாழன் சைக்கிள் ஒரு மணி நேரம். வெள்ளி நீச்சல் 45 நிமிடம், வீட்டில் 20 நிமிடம் உடற்பயிற்சி. சனி நீண்ட சைக்கிள் இரண்டு மணி நேரம், இறங்கியதும் 15 நிமிட ஓட்டம். ஞாயிறு நீண்ட ஓட்டம் 75 நிமிடம். ஞாயிறு காலை ஆராதனைக்கோ பூசைக்கோ போகிறவர்கள் நீண்ட ஓட்டத்தைப் புதனுக்கு மாற்றலாம். மாற்றும்போது நீண்ட ஓட்டமும் செவ்வாய்க் கடின ஓட்டமும் அடுத்தடுத்த நாளில் விழாமல் அதையும் நகர்த்துங்கள். மூன்று வாரம் ஏற்றி, நாலாவது வாரம் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். உடம்பு பலப்படுவது அந்த நாலாவது வாரத்தில்தான்; அதைத் தாண்டிக் குதிக்கிறவர்களே அதிகம்.

ஓட்டம்: சானல் கரையும் சரிவான ரோடும்

நாஞ்சில் நாட்டில் ஓடுவதற்குக் கிடைத்த பெரிய வசதி பாசனச் சானல்களின் கரைகள். அனந்தனார் சானலோ என்.பி. (நாஞ்சில் நாட்டுப் புத்தனார்) சானலோ, மண்கரை உள்ள பகுதியைத் தேர்ந்தெடுத்து லேசான ஓட்டங்களை அங்கே வையுங்கள். தாரை விட மண்ணில் காலுக்கு அதிர்ச்சி குறைவு, தென்னை நிழலும் உண்டு. மழை பெய்த மறுநாள் மட்டும் வேண்டாம். வழுக்கும், புல்லுக்குள் பாம்பும் கிடக்கும். இருட்டில் தலைவிளக்கு இல்லாமல் போகாதீர்கள்.

ரோட்டில் ஓடும்போது கவனிக்க வேண்டியது சரிவு. மழைநீர் வடிய நம் ரோடுகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கும். தினமும் ஒரே ஓரத்தில் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் ஊன்றும். முழங்காலின் வெளிப்பக்கத்தில் வலி தொடங்கும். எதிரே வரும் வண்டி தெரிகிற மாதிரி வலது ஓரம் ஓடுவதே பாதுகாப்பு. அதனால் ஓரத்தை மாற்றுவதை விட, வாரத்தில் இரண்டு ஓட்டத்தைச் சமதளத்துக்கு, மைதானத்துக்கோ சானல் கரைக்கோ, மாற்றுவதே மேல். முன்கால் எலும்பை விரலால் அழுத்தினால் ஒரே புள்ளியில் வலிக்கிறது, காலை எழுந்ததும் வலிக்கிறது என்றால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். அது எலும்புக் கீறலாக இருக்கலாம்.

மேட்டுப் பயிற்சிக்குக் குலசேகரம், திருவட்டாறு பக்கம் உள்ளவர்கள் எங்கும் போக வேண்டாம், வீட்டு வாசலிலேயே மேடு இருக்கும். 60 வினாடி ஏற்றம், நடந்து இறக்கம், எட்டு முறை. தோவாளை, அகஸ்தீஸ்வரம் சமதளத்துக்காரர்களுக்குக் கிடைப்பது மேம்பாலம்தான். அங்கே காலை ஐந்து மணிக்கு மேல் வேண்டாம். தோவாளைப் பூச்சந்தைக்குப் போகிற வண்டிகள் விடியும் முன்பே ரோட்டில் இருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி, அதைப் பார்த்தபடி நின்று, பிறகு நடந்து கடந்துபோங்கள். கடித்தால், சின்னக் கீறல் என்றாலும், சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசி போட வேண்டும்.

பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்துக் கொப்புளம் உண்டாக்கும். பாலியெஸ்டர் கலந்தது வாங்குங்கள். தொடை உரசலுக்குத் தேங்காயெண்ணெய் அரை மணி நேரத்தில் வழிந்துவிடும், வாசலின் நிற்கும்.

சைக்கிள்: காற்றோடு கணக்கு

ஆனி தொடங்கி ஆவணி வரை கணவாய் வழியாக மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்றுதான் இங்குள்ள சைக்கிள்காரரின் மலை. முப்பந்தலில் இத்தனை காற்றாலை நிற்பதற்கும் அதே காற்றுதான் காரணம். நாகர்கோவிலில் இருந்து ஆரல்வாய்மொழி நோக்கிப் போகும்போது முதுகில் தள்ளும், "இன்றைக்குக் கால் நல்லா இருக்கே" என்று தோன்றும். திரும்பும்போது தெரியும்.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். காற்றே இல்லாத நாளில் 25 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், அதே வேகத்தில் 25 கி.மீ. எதிர்க்காற்றில் போனால் உங்கள் மேல் மோதுவது 50 கி.மீ. காற்று, எதிர்ப்பு நாலு மடங்கு. மீட்டரைப் பார்த்து வேகத்தைப் பிடிக்க நினைத்தால் பத்து நிமிடத்தில் தொடை செத்துவிடும். கியரை இரண்டு, மூன்று பல் லேசாக்கி, மிதிப்பை நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்றில் வைத்து, மூச்சு எந்த நிலையில் இருந்ததோ அதிலேயே வையுங்கள். வேகம் 17-க்கு வந்தாலும் பரவாயில்லை.

போகும்போது இழந்ததை வரும்போது பிடித்துவிடலாம் என்பதும் நடக்காது. 20 கி.மீ. எதிர்க்காற்றில் 20 கி.மீ. வேகத்தில் போனால் ஒரு மணி நேரம். திரும்பும் 20 கி.மீ. 40 வேகத்தில் வந்தால் அரை மணி நேரம். சராசரி 30 வராது, 26.7தான் வரும். எனவே காற்று மாதங்களில் சராசரி வேகத்தை யாரோடும் ஒப்பிடாதீர்கள். கிழக்கே குடியிருப்பவர்கள் வீட்டிலிருந்து முதலில் மேற்கே, காற்றை எதிர்த்துப் போய், களைத்த பிறகு அதன் துணையோடு திரும்பலாம். கணவாய்ப் பகுதியில் பெரிய லாரி கடக்கும்போது சில வினாடி காற்று நின்று, மறுபடி பக்கவாட்டில் அறையும். அந்த நேரத்தில், முழங்கையை ஊன்றிக் குனிந்து பிடிக்கும் ஏரோ பாரில் கை இருக்கக் கூடாது. ஆழமான ரிம் உள்ள முன்சக்கரமும் இந்த மாதங்களுக்கு வேண்டாம்.

70 கிலோ எடையுள்ளவருக்கு 28 மி.மீ. டயரில் 70 முதல் 75 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம், 25 மி.மீ. டயரில் 80 முதல் 85 போதும். மழையில் ஐந்து குறையுங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் கருவேல முள் அதிகம். பஞ்சர் ஆனால் டியூபைக் கழற்றியதும் புதியதைப் போட அவசரப்படாதீர்கள். பழைய டியூபில் காற்றடித்து ஓட்டை எங்கே என்று பார்த்து, வால்விலிருந்து அதே தூரத்தில் டயரின் உள்பக்கத்தைத் துணியால் தடவுங்கள். முள் நுனி அங்கேயே ஒடிந்து நிற்கும். எடுக்காமல் புது டியூபைப் போட்டால் அடுத்த கிலோமீட்டரில் அதுவும் போகும். டயரை உள்ளே தள்ளிய பிறகு இரண்டு பக்கமும் விரலால் விலக்கி, டியூப் ரிம்மில் மாட்டியிருக்கிறதா என்று ஒரு சுற்று பார்த்துவிட்டுக் காற்றடியுங்கள்.

கடலோர ரோட்டில், மணவாளக்குறிச்சியோ முட்டமோ, போய் வந்த நாளில் உப்புக்காற்று செயினில் படிந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்ததும் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். பைக்கோடு சேர்த்து வாட்டர் சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டாம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் பேரிங்குக்குள் போய், கிரீஸைக் கழுவிவிடும்.

நீச்சல்: குளம் வேறு, கடல் வேறு

சின்ன வயதில் ஊர்க்குளத்தில் நீந்தியவர்களுக்குத் தண்ணீர்ப் பயம் இருக்காது, ஆனால் தலை மேலே நிற்கும். தலை உயர்ந்தால் இடுப்பு தாழும், கால் இழுபடும். நீச்சல் குளத்தில் முதல் மாதம் முழுவதும் தூரம் எண்ணாமல், முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை விட்டுக்கொண்டே போகவும், தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்பி மூச்செடுக்கவும் பழகுங்கள். 25 மீட்டர் எட்டு முறை, இடையில் 20 வினாடி ஓய்வு. அது மூச்சு வாங்காமல் வந்தால் 50, பிறகு 100. தொடர்ந்து 400 மீட்டர் நீந்த முடிந்த பிறகே கடல்.

ஊர்க்குளத்தில் பயிற்சி செய்வதை இப்போது பரிந்துரைக்க முடியாது. தாமரைத் தண்டும் சேறும் ஒருபுறம். மழைக்காலத்தில் காலில் புண்ணோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் வரும். தேங்கிய வெதுவெதுப்பான நன்னீர் மூக்கில் ஏறுவதால் வரும் அமீபா மூளைக்காய்ச்சல் பக்கத்துக் கேரளத்தில் பலரைக் கொண்டுபோயிருக்கிறது. தண்ணீர் பாயும் சானலிலும் நீந்த வேண்டாம், மதகும் பாலமும் வரும் இடங்களில் இழுத்துவிடும்.

கடலில் பழக மார்கழி முதல் மாசி வரை, காலை வேளை. ஆனி, ஆடியில் கரையில் நின்று பார்க்க மட்டும். பங்குனி முதல் வைகாசி வரை வேறொரு ஆபத்து, கள்ளக்கடல். தொலைதூரப் பெருங்கடலில் எழும் புயலலை இங்கே காற்றே இல்லாத வெயில் நாளிலும் திடீரென ஏறி வரும். ஐதராபாத்தில் இருக்கும் இன்கோய்ஸ் நிறுவனம் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. எச்சரிக்கை உள்ள நாளில் முழங்கால் தண்ணீரிலும் நிற்காதீர்கள்.

இடத்தைக் கரையில் வலை உலர்த்தும் மீனவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். எங்கே உள்ளே இழுக்கும், எங்கே பாறை என்று அவர்களுக்குத்தான் தெரியும். கடலுக்குள் கல் கொட்டி நீட்டியிருக்கும் தூண்டில் வளைவுக்குப் பக்கத்தில் இறங்கக் கூடாது, கல்லை ஒட்டி நீரோட்டம் வெளியே போகும். துறைமுக வாயில்களும், கன்னியாகுமரி முக்கடல் பாறைகளும் நீந்தும் இடம் இல்லை. அலை உடையாமல், கலங்கலாக, கடலை நோக்கி ஓடுகிற ஒரு பட்டை தெரிந்தால் அதுதான் இழுவை. அதில் சிக்கினால் கரையை நோக்கி நீந்தாமல், கரைக்கு இணையாக நீந்தி வெளியேறிய பிறகு திரும்புங்கள். தனியாக இறங்காதீர்கள். இடுப்பில் கட்டும் ஆரஞ்சு மிதவையும், கரையில் ஒரு ஆளும் கட்டாயம். கரைக்கு இணையாக, அலை உடையும் இடத்துக்கு வெளியே, ஆறு அல்லது எட்டுக் கைவீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் தூக்கி, கோயில் கோபுரமோ குருசடியோ ஒரு குறியைப் பார்த்து நீந்திப் பழகுங்கள். குளத்தில் நேராகப் போகிறவர்கள் கடலில் வளைந்து போவார்கள், 1.5 கி.மீ. 1.8 ஆகிவிடும்.

வியர்வை அளவும் சாப்பாடும்

ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்து, உடை இல்லாமல் எடை பாருங்கள். 68.0 கிலோ 66.9 ஆனது, நடுவில் 400 மி.லி. குடித்தீர்கள் என்றால் வியர்வை 1.5 லிட்டர். அதில் பாதி முதல் முக்கால் வரை, 15 நிமிடத்துக்கு ஒருமுறையாகக் குடித்தால் போதும். எடை கூடியிருந்தால் அளவுக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். நாலு மணி நேரம் பச்சைத் தண்ணீரையே குடித்து, ரத்தத்தில் உப்பு குறைந்து, தலைவலியும் வாந்தியுமாக விழுகிறவர்கள் உண்டு.

ஒரு லிட்டர் தண்ணீர், 50 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, ஒரு எலுமிச்சை. ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும் எல்லாப் பயிற்சிக்கும் இது போதும். கருக்கு, அதாவது இளநீர், பயிற்சி முடித்த பிறகு குடிக்க நல்லது. அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு என்பதால் உப்புக்கு மாற்றாகாது.

நீண்ட சைக்கிளில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. உரித்த ஏத்தன் (நேந்திரம்) பழம் 120 கிராமில் 38 கிராம் அளவுக்கு இருக்கும். சின்ன மட்டி வாழைப்பழம் சட்டைப் பைக்கு வசதி, ஆனால் நசுங்கும், டப்பாவில் வையுங்கள். கருப்பட்டித் துண்டு வாயில் கரையும். கூடவே தண்ணீர் குடிக்காவிட்டால் வயிற்றைப் பிசையும். காலை ஐந்து மணி ஓட்டத்துக்கு முன் ஒரு மட்டியும் அரை டம்ளர் கட்டன் காப்பியும் போதும். புட்டும் கடலையும், தேங்காய்ச் சட்னியும் முடித்த பிறகு. மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கும் சாளை மீன் குழம்பும் அதற்கும் சரியான சாப்பாடு, மாவும் புரதமும் ஒரே தட்டில் வந்துவிடும்.

ஓடும்போது ஒருவர் உளறினாலோ தள்ளாடினாலோ அது சாதாரணக் களைப்பு இல்லை. நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நினைவு தெளியாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது.

மாறும் இடம்

நீச்சலில் இருந்து சைக்கிளுக்கும், சைக்கிளில் இருந்து ஓட்டத்துக்கும் மாறுவதை வீட்டு முற்றத்தில் பழகலாம். ஒரு துண்டை விரித்து, முன்வரிசையில் ஹெல்மெட்டும் கண்ணாடியும், பின்வரிசையில் ஓட்டக் காலணியும் நம்பர் பெல்ட்டும். ஹெல்மெட் பூட்டு மாட்டிய பிறகே சைக்கிளைத் தொட வேண்டும், இறங்கி ஸ்டாண்டில் வைத்த பிறகே கழற்ற வேண்டும். விதி இது, மீறினால் தண்டனை உண்டு. சைக்கிளில் கடைசி ஐந்து நிமிடம் கியரை லேசாக்கிச் சுற்றுங்கள். இறங்கியதும் கால் கட்டை மாதிரி இருக்கும், அடியெடுப்பைச் சிறிதாக வைத்து முதல் கிலோமீட்டரைப் பேசக்கூடிய மூச்சில் ஓடுங்கள். ஈரக் காலில் சாக்ஸ் ஏறாது என்பதால் முந்தின இரவே அதைப் பாதி சுருட்டி, உள்ளே கொஞ்சம் டால்கம் பவுடர் தூவிக் காலணிக்குள் வைத்துவிடுங்கள்.