ரோமானியச் சிறுகாசை அடையாளம் காண: முதலில் திருப்புங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கடிகாரம் பழுதுபார்க்கிறேன். கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடி என்னிடம் இருக்கிறது என்பதற்காகவே, இணையத்தில் பொட்டலமாக வாங்கிய ரோமானிய வெண்கலக் காசுகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பெரும்பாலும் கி.பி. 4ஆம் நூற்றாண்டுக் காசுகள். வந்ததும் கேட்பது, “அண்ணே, இது எந்த ராஜா?”

அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். நெற்றிப்பட்டை கட்டிய அந்தத் தலைகள் எல்லாம் ஒரே சாயல். போதாததற்குப் பேரரசர் பெரிய கான்ஸ்டன்டைன் தன் பிள்ளைகளுக்கு வைத்த பெயர்கள் கான்ஸ்டன்டைன், கான்ஸ்டான்ஷியஸ், கான்ஸ்டன்ஸ். தேய்ந்த காசில் “கான்ஸ்ட்” வரைதான் மிஞ்சும்.

கழுவுவதில் ஒரே விதி: குத்துவிளக்கு போலப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். கார் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரில் சில நாள் ஊறவிட்டு, பல்குச்சியால் மண்ணை மட்டும் நெம்புங்கள். பச்சை மேற்பூச்சு போனால் படமும் போய்விடும். வெளிர்பச்சைத் தூள் உதிரும் காசு மட்டும் நோயாளி. நம் ஊர் ஈரக்காற்று அதை அரித்துவிடும். தனி டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள்.

இனிக் காசைத் திருப்பி, மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். பின்புறப் படம்தான் காலத்தைச் சொல்லும். இரண்டு படைவீரர்கள் நின்று, நடுவில் இரண்டு கொடிக்கம்பங்கள் இருந்தால் 330 முதல் 335 வரை. கம்பம் ஒன்றுதான் என்றால் 335 முதல் 341 வரை. காசும் சற்றுச் சிறுத்திருக்கும். ஓநாயிடம் பால் குடிக்கும் இரட்டைக் குழந்தைகள் என்றால் முன்பக்கத்தில் அரசரைத் தேடாதீர்கள். தலைக்கவசம் அணிந்த பெண் உருவான ரோம் நகரம்தான் அங்கே இருக்கும். குதிரையிலிருந்து சரிபவனை வீரன் ஈட்டியால் குத்தும் படம் 348க்குப் பிந்தியது. பொட்டலங்களில் அதிகம் வருவதும் அதுதான், எனக்கு அலுத்துப்போனதும் அதுதான். வெற்றித் தேவதை மாலையோடு இடப்பக்கம் நடந்தால் பெரும்பாலும் 364–378, வாலன்டீனியன், வாலன்ஸ் காலம். அவளே கைதி ஒருவனை இழுத்துப் போனால், காசும் 12, 13 மில்லிமீட்டர்தான் என்றால், நூற்றாண்டின் கடைசி: தியோடோசியஸ், ஆர்க்கேடியஸ். இந்தப் பொடிக்காசுகள் கரூர் அமராவதி ஆற்றுப்படுகையிலும் கிடைத்திருக்கின்றன. அதனாலோ என்னவோ, இவற்றை மட்டும் நான் அவசரமாகத் திருப்பித் தருவதில்லை.

படத்துக்குக் கீழே, கோட்டுக்கு அடியில் உள்ள எழுத்துகள் நாணயச்சாலையின் பெயர். ‘ஏ எல் இ’ அலெக்சாந்திரியா, ‘ஏ என் டி’ அந்தியோக்கியா, ‘எஸ் எம் கே’ சைசிக்கஸ். கிழக்குப் பகுதி நாணயச்சாலைகளில் கூடவே வரும் கிரேக்க எழுத்து, அந்தச் சாலைக்குள் இருந்த பட்டறையின் எண்.

இப்போது முன்பக்கம். ‘யூ’ வரவேண்டிய இடத்தில் ‘வி’ இருக்கும். ‘டி என்’ என்று தொடங்கினால் “நம் தலைவர்” என்ற பட்டம், பெயர் அதற்கு அடுத்து. ‘என் ஓ பி’ என்று கண்டால் அவர் பேரரசர் ஆகாத சீசர், அதாவது பேரரசருக்கு அடுத்த நிலையில் இருந்த துணை ஆட்சியாளர்.

ஒன்றுமே தெரியாவிட்டால் உறையில் “4ஆம் நூற்றாண்டு, 14 மி.மீ.” என்று எழுதி வையுங்கள். ராஜா பெயரை ஊகித்து எழுதினால், அடுத்து வாங்குபவர் அதை நம்பிக்கொண்டு என் கடைக்கு வந்து என்னோடுதான் சண்டை பிடிப்பார்.