ஆண்டுக்கு எதிரே வயது

வருங்காலம் பற்றி யோசித்தால் ‘நிம்மதி’, ‘நல்ல நிலை’ என்பதற்கு மேல் எனக்கு எதுவும் ஓடாது. அதைத் தெளிவாக யோசிக்க வழிகாட்டியது ஒரு கோடு போட்ட நோட்டு. இடப்பக்கம் 2025 முதல் 2045 வரை ஆண்டுகள். எதிரே என் வயது, மகள் வயது, அம்மா வயது. 2033-க்கு நேரே மகளுக்கு 18, எனக்கு 50, அம்மாவுக்கு 80. கல்லூரிக் கட்டணமும் அம்மாவின் முழங்கால் வலியும் ஒரே வரியில் வந்து நின்றன. அதைப் பார்த்த பிறகுதான் எது ஆசை, எது அவசியம் என்பது பிரிந்தது.

அடுத்து, 2041-இல் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை எழுதினேன். தஞ்சாவூரில் வீடு, மாலையில் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம், இரவு எல்லோரும் சேர்ந்து சாப்பாடு. பதவி, கார் எதுவும் அதில் வரவே இல்லை! என்னை மிகவும் யோசிக்க வைத்தது அதுதான்.

அந்த நாளுக்கு இப்போதே என்ன செய்ய வேண்டும் என்று அங்கிருந்து பின்னோக்கி வந்தேன். தபால் நிலையத்தில் பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) என்னும் நீண்ட காலச் சேமிப்புக் கணக்கு தொடங்கினேன். முதிர்வுக்கு 15 ஆண்டுகள். ஆண்டுக்கு 500 ரூபாய் கட்டினாலே கணக்கு நடப்பில் இருக்கும். ஞாயிறு காலைகளில் பக்கத்து வீட்டுச் சிறுவர்களுக்குப் பாடம் எடுக்கவும் ஆரம்பித்துவிட்டேன். நீங்கள் எழுதுவதானால் வயதுகளைப் பேனாவிலும் திட்டங்களைப் பென்சிலிலும் எழுதுங்கள். தை பிறந்ததும் நான் திருத்துவது பென்சில் பகுதியை மட்டும்தான்.